கல்யாண வீட்டில் மூன்று கிணறுகள்

வரைபடக்காரர்கள் குறிக்க மறந்த மூங்கில்நாட்டில் ஊருக்கு ஒரே கிணறுதான். ஒருநாள் சாயக்காரரின் வாளி அதில் விழுந்தது. ஊரே இரண்டு நாள் சிவப்புச் சோறு தின்றது.

அமைச்சர் நெடுமதியார் கொதித்தெழுந்தார். "இனி ஒருவர் பிழை மற்றவரைத் தீண்டலாகாது! ஒவ்வொரு தொழிலாளியும் சொந்தக் கிணறு, சொந்த அடுப்பு, சொந்த விளக்குடன் மூடிய பெட்டிக்குள் இருந்தே பணிபுரிவார்!"

நல்ல யோசனை என்றுதான் செங்கமலமும் நினைத்தாள், மகளின் கல்யாணம் வரும்வரை. சமையல் பெட்டி கூடத்தை அடைத்தது. பூப்பெட்டி முற்றத்தை விழுங்கியது. மேளப்பெட்டி வாசலில் சிக்கிக்கொள்ள, மணமகன் சன்னல் வழியாக உள்ளே வந்தான்.

பூக்காரியின் கிணற்றில் பாசி வேறு. அதைத் தூர்வாரும் உரிமை பெட்டி செய்தவருக்கு மட்டுமே. அவரோ போன மாதமே தொழிலை விட்டுவிட்டார்.

"அக்கா, சமையல் முடிஞ்சுது," என்றார் சமையல்காரர் துரைக்கண்ணு, பெட்டிக்குள் இருந்து. "ஆனா கையை வெளிய நீட்ட அனுமதி இல்ல."

"அப்ப யாருக்குய்யா சமைச்சே?"

"யோசிச்சுப் பாத்தா, எனக்குத்தான் போல."

செங்கமலம் அரண்மனைக்கு ஓடினாள்.

"கை நீட்டும் உரிமையை மாமன்னர் மட்டுமே வழங்க இயலும்," என்றார் நெடுமதியார்.

"அப்ப ராசாவைக் கூப்பிடுங்க. பந்திக்கு எலை போட்டாச்சு!"

அரியணை இருந்த இடத்தில் ஒரு தங்கப் பெட்டி இருந்தது. செங்கமலம் தட்டினாள்.

"என் குடிகள் நலமா?" உள்ளிருந்து அரசரின் கனிவான குரல்.

"பரம சௌக்கியம், மன்னா!" என்று உள்ளிருந்தே பலர் பதில் சொன்னார்கள்.

"அது யாரு சாமி உள்ள?"

"மாமன்னருக்கான குடிமக்கள். பெட்டியோடு வந்தவர்கள். தேர்தலும் உள்ளேயே இனிதாக நடந்தேறியது," என்றார் அமைச்சர்.

செங்கமலம் அதற்குமேல் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தாள், கடப்பாரையை எடுத்தாள், சமையல் பெட்டியின் பலகையைப் பெயர்த்தாள். துரைக்கண்ணு முதுகை நிமிர்த்தியபடி வெளியே வந்து, கையோடு சாம்பார் வாளியைத் தூக்கினார். மற்ற இரண்டு பெட்டிகளும் பந்திப் பலகைகளாயின.

அவளைக் கைது செய்ய வந்த நெடுமதியார், "இது சட்டவிரோதம்," என்று மூன்றாம் பந்தியில் உட்கார்ந்து அறிவித்துவிட்டு இரண்டாம் முறை ரசம் கேட்டார்.

மாலையில் அரண்மனை முரசு அறைந்தது: மூங்கில்நாட்டின் ஒவ்வொரு குடிமகனையும் மாமன்னர் இன்று நேரில் சந்தித்தார். யாருக்கும் எந்தக் குறையுமில்லை.