கராஜுக்குள் ஓடிய ராத்திரி ரயில்

கராஜை விட்டு நகராமலே ஐரோப்பா முழுக்க ரயிலில் போய்வந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். ஆஸ்திரேலியாவில், வெரிபீயில் அவர் என் பக்கத்து வீட்டுக்காரர். ஊர் மன்னார். ரயில் அங்கிள் என்றால்தான் எங்கள் தெருவில் தெரியும்.

அவருக்கு மூன்று அண்ணன்கள். பாரிஸில் ஒருவர், பெர்லினில் ஒருவர், சூரிச்சில் ஒருவர். அம்மாவின் வீட்டைப் பங்கு போட்டதில் அந்த மூவருக்குள்ளும் இருபது வருடமாகப் பேச்சே இல்லை. ஐரோப்பாவில் படுத்துக்கொண்டு போகும் ராத்திரி ரயில்கள் மறுபடி ஓடுகின்றன என்று செய்தி வந்த அன்று, அங்கிள் வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"தம்பி, வீட்டுக்குக் கூப்பிட்டா ஒருத்தர் கோவிச்சுக்கொண்டு எழும்பிப் போயிடுவார். ஓடுற ரயிலில எங்க இறங்கிறது?"

திட்டம் அவ்வளவுதான். நாலு படுக்கை உள்ள ஒரே அறை. பாரிஸில் ஏறி பெர்லினில் இறங்குவதற்குள் சமாதானம்.

ஏறுவதற்கு முன்பே சண்டை வந்துவிட்டது. மூன்று அண்ணன்களுக்கும் லோயர் பெர்த்தான் வேண்டுமாம். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்குச் சர்க்கரை, சூரிச்காரருக்கு வெறும் வீம்பு. கீழே இருப்பதோ இரண்டு. மேலே ஒன்றை அங்கிள் எடுத்துக்கொண்டார். மற்றதற்கு ஆள் கிடைக்காமல் வாட்ஸ்அப்பில் மாதக்கணக்கில் இழுபட்டது.

அறுபத்தெட்டு வயதில் மேலே ஏறிப் பழக வேண்டாமா? காரைத் தெருவுக்குத் துரத்திவிட்டு, கராஜில் நாலு படுக்கையையும் பலகையில் அளவெடுத்து அடித்தார். ஆட்டத்தில் தூங்கவும் பழக வேண்டுமாம். கட்டிலைப் பிடித்து ஆட்ட நான். வீட்டிலிருந்து வேலை செய்பவன் சும்மா இருப்பவன் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

"நல்லா ஆட்டும் தம்பி. இப்ப எல்லை தாண்டுறம்."

"அங்கிள், எனக்கு மீட்டிங் இருக்கு!"

"பெர்லினில இறங்கிப் போம்."

ஒரு செவ்வாய்க்கிழமை தனியாக மேலே ஏறி, விழுந்தார். அன்று பார்த்து நான் ஆபீஸுக்குப் போயிருந்தேன். நான் ஆட்டவில்லை. கேட்காதவர்களிடம்கூட இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இடுப்பு முறிந்து, நெஞ்சில் சளி கட்டி, மூன்று வாரத்தில் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டார்: "சூரிச் அண்ணை மேல ஏற ஓமெண்டிட்டாரோ?"

"ஆமா அங்கிள்" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

அண்ணன்கள் மூவரும் மூன்று விமானத்தில் வந்து, அடக்கத்தின்போது மூன்று மூலையில் நின்றார்கள். வீடு முழுக்க உறவுக்காரர்கள். அடக்கம் முடிந்து திரும்பி வந்தால் அண்ணன்களுக்குப் படுக்கக் கராஜை விட்டால் இடமில்லை.

மத்தியானம் தேநீர் கொண்டுபோனேன். பாரிஸ்காரரும் பெர்லின்காரரும் கீழே படுத்திருந்தார்கள். சூரிச்காரர் மூச்சு வாங்க மேலே ஏறிக்கொண்டிருந்தார்.

"பாத்து, மெல்ல ஏறடா" என்றார் பாரிஸ்காரர்.

அங்கிளின் படுக்கையை யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் மூவரும் தூங்கிவிட்டார்கள். பாவி மனுஷன், இதைப் பார்க்க இல்லையே என்று அழுகை வந்தது. தேநீரைக் கீழே வைத்துவிட்டு, கட்டில் காலைப் பிடித்து மெல்ல ஆட்டினேன்.

அன்றைக்கும் ஒரு மீட்டிங் இருந்தது. போகவில்லை.