யாரும் படிக்காத வரி

"இன்னும் ஆறே மாசம் அத்தை. நான் சாப்ட்வேர் இன்ஜினியர்!"

மாப்பிள்ளை இதைச் சொன்னப்போ நான் பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தேன். அதிர்ச்சியில ஒரு பல் நழுவி சோபாவுக்கு அடியில உருண்டுடுச்சு. இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல.

பின்ன என்ன? பதினெட்டு வருஷமா லிப்ட் ரிப்பேர் பாக்குற மனுஷன். காலேஜ் வாசலை மிதிச்சிருக்கார், அங்க லிப்ட் நின்னுபோன அன்னிக்கு. இப்ப முட்டி தேஞ்சுபோச்சு. "இனிமே ஏணி ஏறினா அப்புறம் நடக்கிறதே சந்தேகம்"னு டாக்டர் சொல்லிட்டார். உட்கார்ந்து செய்யிற வேலை வேணும், அது கிடைக்கிற வரைக்கும்தான் இந்த ஏணி. நியாயம்தான். அதுக்காக ஒரேயடியா இன்ஜினியரா?

எங்க வீட்டுக்காரர் இப்படித்தான் புஸ்தகம் பாத்து நீச்சல் கத்துக்கிட்டார். பதினஞ்சு நாள் பாயில குப்புறப் படுத்து கை காலை அடிச்சார். பதினாறாம் நாள் குளத்துல இறங்கினார். அது நீளமான கதை, இப்ப வேண்டாம். இழுத்துக் கரையில போட்டது நான்தான், அதை மட்டும் சொல்லிடுறேன்.

"டிகிரியெல்லாம் வேண்டாம் அத்தை. பாடமெல்லாம் இன்டர்நெட்டுல கொட்டிக் கிடக்கு."

"கொட்டினதை அள்ள ஒரு முறம் வேணுமே மாப்பிள்ளை?"

"விடும்மா"ன்னா என் பொண்ணு. "முட்டி தேய்ஞ்சது போதும். இனிமே மூளை தேயட்டும்."

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை, மத்தியானத்துக்கு மேலதான். காலையில வீட்டு வேலை. மாப்பிள்ளைக்கோ உரக்கப் படிச்சாத்தான் மண்டையில ஏறும். விடிஞ்சா ஆரம்பிச்சிடுவார். "இது சரின்னா இதைச் செய்! இல்லேன்னா அதைச் செய்!" பக்கத்து வீட்டுக்காரி பயந்துபோய், "யாரை மிரட்டுறார்?"னு கேட்டா. எனக்கே பாதி மனப்பாடம். பொண்ணு துணி மடிச்சுக்கிட்டே கேப்பா. நடுநடுவுல மடிப்பை நிறுத்திட்டுத் திரையை எட்டிப் பாப்பா. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

நாலாவது மாசம் ரெண்டு பேருக்கும் பாத்திரச் சண்டை.

"நீங்களும் வேலைக்குப் போறீங்க, நானும் போறேன். இந்தப் பாத்திரம் மட்டும் என்னைப் பாத்துத்தான் கண்ணடிக்குதா?"

"சண்டையே வேண்டாம். நான் ஒரு புரோகிராம் எழுதுறேன். தினம் வீட்டுல இருக்கிறவங்க பேரைக் குலுக்கிப் போட்டு ஒண்ணை எடுக்கும். அந்தப் பேர்தான் கழுவணும். கம்ப்யூட்டருக்கு ஓரவஞ்சனை தெரியாது."

எழுதினார். ஓடுச்சு. அசந்துபோனேன்! முதல் நாள் என் பேரு. அப்புறம் அவ பேரு. அவ பேரு. என் பேரு. ரெண்டு மாசம் இப்படியே. நடுவுல ஒரு நாள் நானும் பொண்ணும் வெளியூர் போயிட்டு வந்தா, கம்ப்யூட்டர் தோசைக்கல்லாட்டம் கொதிச்சுது; "உள்ள தூசி அத்தை"ன்னார்.

"மாப்பிள்ளை, உங்க பேரை அதுக்கு எழுத வராதோ?"

"அதிர்ஷ்டம் அத்தை. நான் என்ன செய்ய?"

இந்த நேரத்துல ஒரு சின்னக் கம்பெனி, "நீங்களா எழுதின புரோகிராம் ஏதாவது அனுப்புங்க"னு கேட்டுச்சு. இவர் பாத்திரப் புரோகிராமைத் திறந்துகூடப் பாக்காம அப்படியே அனுப்பிட்டார். சனிக்கிழமை காலையில வீடியோவுல நேர்காணல். சாப்பாட்டு மேஜை மேல கம்ப்யூட்டர். மேல கோட்டு, டை. கீழ அரை டிராயர். நான் கதவுக்குப் பின்னாடி. கையில ஒரு பிஸ்கட்டு, பதட்டத்துக்கு.

திரையில ஒரு அம்மா வந்தாங்க.

"புரோகிராம் சின்னதுதான் சார். ஆனா நடுவுல நீங்க எழுதியிருக்கிற குறிப்பையெல்லாம் ஒரே மூச்சுல படிச்சேன்."

மாப்பிள்ளை முகம் சுண்ணாம்பாயிடுச்சு. "அதை... படிப்பீங்களா?"

இங்க ஒரு விஷயம் சொல்லணும். புரோகிராம்ல ரெண்டு சாய்கோடு போட்டு ஒரு வரி எழுதினா, கம்ப்யூட்டர் அதைக் கண்டுக்காது. இவர் லிப்ட் மெக்கானிக் இல்லையா? மொட்டைமாடி மெஷின் ரூம்ல ஒரு நோட்டு தொங்கும். எண்ணெய் விட்டேன், கயிறு பாத்தேன்னு எழுதி, கூடவே மனசுல இருக்கிறதையும் கொட்டிட்டு இறங்குவார். பதினெட்டு வருஷத்துல ஒருத்தர்கூட அதைப் படிச்சதில்ல. இதுவும் அதே மாதிரி நோட்டுன்னு நினைச்சுட்டார்!

அந்தம்மா வாசிச்சாங்க. "'அத்தைக்குக் காது மந்தம். ஆனா பிஸ்கட் டப்பா திறந்தா மூணு ரூம் தாண்டிக் கேக்கும்.'"

கடிச்சதை முழுங்கவா துப்பவான்னு தெரியாம நின்னேன். மந்தமா? எனக்கா?

"அப்புறம் இது. 'என் பேர் வந்தா திரும்பக் குலுக்கு. வேற பேர் வர்ற வரைக்கும் குலுக்கு. கேட்டா அதிர்ஷ்டம்னு சொல்லிக்கலாம்.'"

அடப்பாவி மனுஷா! ரெண்டு மாசம் தேய்ச்சதுல என் கைரேகையே போயிடுச்சேய்யா!

"அது ஒரு பரிசோதனை மேடம்..."

"இருக்கட்டும். அதுக்குக் கீழ பதில் எழுதியிருக்கிறது யாரு?"

"பதிலா?"

"'நானும் அம்மாவும் வெளியூர் போன அன்னிக்கு உங்க பேர் மட்டும்தானே மிச்சம்? அப்ப இது நிக்காம குலுக்கிக்கிட்டே இருக்கும். அன்னிக்குக் கம்ப்யூட்டர் சூடானது தூசியால இல்ல. இந்த ஓட்டையை நான் அடைச்சிட்டேன்.' சரியாவே அடைச்சிருக்காங்க சார். யார் இவங்க? எங்க படிச்சாங்க?"

பொண்ணு ஈரத் தட்டோட மேஜைக்கு வந்தா. "நான்தாங்க. துணி மடிச்சுக்கிட்டே படிச்சேன்."

"நீயா?"ன்னு நானும் மாப்பிள்ளையும் ஒரே குரல்ல கத்தினோம். கதவுக்குப் பின்னாடி இருக்கேங்கிறதையே மறந்துட்டேன்.

"அடுத்தவங்க எழுதினதுல ஓட்டை கண்டுபிடிக்கிற ஆளைத்தான் நாங்க தேடுறோம்"ன்னாங்க அந்தம்மா. "திங்கக்கிழமை வர முடியுமா? சார், நீங்க இன்னும் கொஞ்சம் படிச்சிட்டு வாங்க."

திங்கக்கிழமை பொண்ணு வேலைக்குப் போனா. "ஒரு சம்பளம் போதும், இனிமே ஏணி பக்கம் போகாதீங்க"ன்னு கண்டிப்பாச் சொல்லிட்டுத்தான் போனா. மனுஷன் முட்டி பிழைச்சுது. அதுக்கு நான் சந்தோஷப்பட்டேன், மந்தக் காதோட.

ஆனா அன்னிக்குப் புரோகிராம்ல அவர் பேரு. மறுநாளும் அவர் பேரு. பத்து நாளும் அவர் பேரே! "அதிர்ஷ்டம் மாப்பிள்ளை, என்ன செய்ய?"ன்னு நான் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன்.

பதினோராம் நாள், பாதிப் பாத்திரத்தைத் தொட்டியிலயே போட்டுட்டு ஓடிவந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். பேர் குலுக்குற இடத்தைத் தேடிப் பிடிச்சார். ரெண்டு சாய்கோடு போட்டு என் பொண்ணு எழுதியிருந்தா:

"மாத்த வந்தீங்களா? முதல்ல கையில இருக்கிற சோப்பைத் துடைங்க."