மாடியம்மாவிடம் போட்ட மனு

அயல்நாட்டுக்கு வேலைக்கு வந்த மெக்கானிக் ஒரு சபதத்தோடுதான் அந்தப் பெருநகரத்தில் இறங்கினார். ஊர்ப் பாஷையைப் பிடிக்காமல் விடுவதில்லை! ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மிஷின்களைப் பழுது பார்க்கும் உத்தியோகம். ஒரு வருஷத்தில் பாஷை வந்துவிட்டது. என்ன, வந்ததெல்லாம் மிஷின் சத்தத்துக்கு நடுவில் வந்தது. ஊசி, நூல், கிழிசல், நிறுத்து, ஓட்டு, பிரித்துத் தை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு அவர் உலக விஷயம் பூராவும் பேசினார். பால் திரிந்துபோனால் "பால் கிழிந்துவிட்டது" என்பார். பால்காரர் மறுபேச்சில்லாமல் வேறு பால் கொடுப்பார்.

மனைவிக்கோ அந்தப் பாஷையில் ஒரு சொல்கூட வராது.

"அவங்க பாஷையில நீ வாயே தொறக்காத. எதுன்னாலும் நான் பேசிக்கறேன்."

"சரிங்க."

"பெரிய ஊரு. ஏமாத்திடுவாங்க."

"ஆமாங்க."

இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்கிற மனைவியைப் பார்த்து அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தவரை வீட்டுச் சொந்தக்காரம்மா படியில் நிறுத்தினார். இவர்கள் குடியிருப்பது கீழே, அவர் மேலே. அதனால் இவர்களுக்கு அவர் மாடியம்மா. சிரித்த முகத்தோடு கடகடவென்று என்னவோ சொன்னார். மெக்கானிக்கின் காதில் சிக்கியவை மூன்றே சொற்கள். வீடு. அடுத்த வாரம். காலி. காலி என்ற சொல்லுக்குப் பல ஊர்களில் ஒரே அர்த்தம்தான். அவர் தலையை ஆட்டினார். புரியாதபோது ஆட்டியே பழகிய தலை அது.

"என்னங்க, மூஞ்சி தொங்கிப் போயிருக்கு? மாடியம்மா ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னாலும் உனக்குப் புரியாது."

"அதுவும் வாஸ்தவம்தான்" என்று அவள் வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

மெக்கானிக் கட்டிலில் உட்கார்ந்து வீட்டைப் பார்த்தார். பகலிலும் விளக்குப் போட வேண்டிய அறை. ஓதம் ஏறிய சுவர். தலைமாட்டிலேயே உறுமும் தண்ணீர் மோட்டார். தினமும் திட்டித் தீர்த்த அத்தனையும் இப்போது தங்கமாகத் தெரிந்தன. வந்த புதிதில் சாலையைக் கடக்கத் தெரியாமல் விழித்து நின்றவரை, எதிர்ச்சாரியில் பூட்டு ரிப்பேர் செய்பவர் ஓடி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். கற்றுக்கொள்ளும் வரை தினமும் கூட்டிப் போனார். காய்ச்சலில் விழுந்தபோது ஒரு வீட்டிலிருந்து கஞ்சி வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து கம்பளி வந்தது. 'நாம யாரு இவங்களுக்கு? ஒட்டா, உறவா?' இப்படி ஒரு தெருவை விட்டு எங்கே போவது?

மறுநாள் காலை இஸ்திரி போட்ட சட்டையோடு மாடி ஏறினார். இரவெல்லாம் உருப்போட்ட மனுவை ஊர்ப் பாஷையில் அவிழ்த்துவிட்டார். அதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"அம்மா! நாங்கள் இந்த வீட்டோடு தைக்கப்பட்டுவிட்டோம். பிரிக்காதீர்கள். தெரு முழுக்க நல்ல நூல். என் மனைவி மெல்லிய துணி. இழுத்தால் கிழிந்துவிடுவாள். தயவுசெய்து மிஷினை நிறுத்துங்கள்!"

மாடியம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று மெக்கானிக்குக்கும் கண் கலங்கியது. மாடியம்மா படிப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"தங்கச்சி! சீக்கிரம் வா. உன் வீட்டுக்காரர் உன்னை மெல்லிசு துணிங்கறாரு!"

தமிழில் பேசியது யார் என்று மெக்கானிக் சுற்றுமுற்றும் பார்த்தார். அறையில் வேறு யாரும் இல்லை.

மனைவி ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"இவங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"இந்தத் தெருவுக்கே தெரியும்ங்க. அவங்க பாஷையில வாய் தொறக்காதன்னீங்க. பொழுதுக்கும் நான் யார்கிட்ட பேசறது? அதான் நம்ம பாஷையை அவங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன்."

"அப்ப பால்காரர்?"

"அவர் கெட்டிக்காரர். நீங்க பேசிட்டுப் போனதும் எங்கிட்ட வந்து என்ன விஷயம்னு தமிழ்ல கேட்டுக்குவார்."

"ஒருத்தர்கூட எங்கிட்ட தமிழ்ல பேசலையே!"

"நான்தான் வேண்டாம்னேன். மனுஷன் ஆசை ஆசையா கத்துக்கிட்டிருக்காரு, மனசு ஒடிஞ்சிடும், அவர்கிட்ட மட்டும் உங்க பாஷையிலயே பேசுங்கன்னு."

"வீடு காலின்னாங்களே?"

"மாடியில முன்பக்க வீடு காலியாகுது" என்றார் மாடியம்மா. "வெளிச்சம், காத்து, எல்லாம் உண்டு. தங்கச்சி கேட்டுச்சு, தரேன்னேன். அடுத்த வாரம் வந்துடுங்கன்னு உங்ககிட்டயும் சொன்னேனே! தலையை ஆட்டினீங்களே!"

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். "எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா, நானே போய்ப் பேசறேன்னு கிளம்பியிருப்பீங்க. இருக்கற வீடும் போயிருக்கும்."

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. அவரை நோகவிடாமல் ஒரு தெருவே சேர்ந்து நாடகம் ஆடியிருக்கிறது. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கைகூப்பினார். ஊர்ப் பாஷையில் உருக்கமாக நாலு வார்த்தை சொல்ல மூச்சை இழுத்தார்.

மாடியம்மா அவசரமாகக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மாப்பிள்ளை, நன்றியையாவது தமிழ்ல சொல்லுங்க. எனக்குப் புரியணுமில்ல?"