பத்துக்கு எட்டு வாங்கிய பூனை

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் அநேக ஆசிகளுடன் எழுதுவது. நானும் உங்கள் மாமியாரும் நலம். எனக்கு ஒரு குறையும் இல்லை. உட்கார்ந்து எழும்போதெல்லாம் பாட்டு முணுமுணுக்கிறேன், அவ்வளவு உற்சாகம். மொட்டை மாடியில் உலாவுவதை மட்டும் விட்டுவிட்டேன், வெயில் அதிகம். நீங்கள் என்னை நம்பி விட்டுப்போன பூனையும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நடுவில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

வந்த புதிதில் அது பீரோ உச்சியிலிருந்து என் வழுக்கையைக் குறிபார்த்துக் குதிக்கும். கணக்கு வாத்தியாராக முறைத்தே வகுப்பை அடக்கியவன் நான், அதையும் முறைத்தேன். கொஞ்ச நாளில் குதிப்பதை நிறுத்திவிட்டு, கட்டிலடியில் தலையைத் தாழ்த்தி, கண்ணை இடுக்கிக்கொண்டு தவம் செய்ய ஆரம்பித்தது. தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கியது. மடியில் வைத்தால் கர்கர் என்று சத்தம் வேறு. திருந்திவிட்டது என்று எதிர்வீட்டுக்காரர் வரை பீற்றிக்கொண்டேன். உங்கள் மாமியார்தான், "அது திருந்தல, அதுக்கு என்னவோ பண்ணுது. டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று கூடையை என் கையில் திணித்தாள்.

டாக்டரம்மா பூனையைத் தொடவே இல்லை. முகத்தையே பார்த்தார். காது இரண்டும் விலகியிருக்கிறது, கண் பாதி மூடியிருக்கிறது, வாய்ப்பக்கம் இறுகியிருக்கிறது, மீசை விறைத்திருக்கிறது, தலை தோளுக்குக் கீழே இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, "பத்துக்கு எட்டு சார்" என்றார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. "நம்ம கண்டிப்பு அப்படி! இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணினா பத்தும் வாங்கிடும்" என்றேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சார், இது வலிக்குப் போடற மார்க். நாலு வந்தாலே மருந்து குடுக்கணும்."

பூனையின் வாயைத் திறந்து காட்டினார். கடைவாய்ப்பல் அழுகி, ஈறு வீங்கிக் கிடந்தது. "அப்போ கர்கர்னு சந்தோஷமா இருந்துச்சே?" என்றேன். "வலியிலயும் அப்படிப் பண்ணும் சார். தன்னைத்தானே தேத்திக்கும்."

மாப்பிள்ளை, யோசித்துப் பாருங்கள். உள்ளங்கை அகல முகம். இத்தனை வலியும் அதில் தெரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. கத்தவில்லை, கடிக்கவில்லை. யாராவது பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்திருக்கிறது. வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் முகத்தைப் படித்த எனக்கு அது தெரியவில்லை. அந்த வலியை முகத்தில் பார்க்க ஒருவர் கற்றுக்கொண்டிருக்கிறாரே, அதை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பல்லை எடுத்தாயிற்று. இப்போது தெருவில் போகிற நாய், மாடு எல்லாவற்றுக்கும் மார்க் போடுகிறேன். எதிர்வீட்டுக்காரர் தன்னை ஏன் உற்றுப் பார்க்கிறேன் என்று சண்டைக்கு வந்துவிட்டார். இன்று காலை பூனை மறுபடியும் பீரோவிலிருந்து என் தலையில் குதித்தது. பூஜ்யம் மார்க்! பூஜ்யத்துக்காக நான் கண்கலங்கியது இதுவே முதல் தடவை. ஆக, இங்கே எல்லாரும் சௌக்கியம். என் மகளுக்கும் உங்களுக்கும் எல்லா நலமும் கூடிவர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே என்னைப் பற்றி எழுதியதை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும். உறையை ஒட்டக் கோந்து எடுக்க எழுந்தேன். உங்கள் மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். "எந்த முழங்கால்?" என்றாள். இரண்டும் என்றேன். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். "எழுந்திருக்கும்போதெல்லாம் பாட ஆரம்பிச்சீங்களே, அன்னிக்கே."