ரூட் மாற்று விழா

கள்ளக்குறிச்சியில், கல்வராயன் மலைக்காரர்களுக்குச் சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கும் நிலையம் ஒன்று இருந்தது. அதன் சர்வர் பல வருஷமாக அணைந்ததே இல்லை. வாசலில் 'ஓய்வறியா சர்வர்' என்று பலகையே மாட்டியிருந்தார்கள். அதைப் பராமரித்துவந்த பிரின்சிக்கும் அந்தப் பெருமையில் பாதி. எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது என்று தினமும் ஸ்டேட்டஸ் போட்டு, பெங்களூர் நண்பர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வாள்.

ஒருநாள் டிஸ்க் கரகரக்க ஆரம்பித்தது. நிலைய அதிகாரி தனசேகரனிடம் ஓடினாள்.

"சார், டிஸ்க் போவப்போவுது. டீ குடிக்கற நேரம் அணைச்சா மாத்திடலாம்."

"அணைக்கறதா? ஓய்வறியா சர்வர் ஓய்வெடுத்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா இன்னா ஆவறது? அணைக்காம மாத்த வழியே இல்லியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஸ்டேட்டஸ் கண்முன் வந்து நின்றது.

"இருக்கு சார். ஓடிக்கினு இருக்கற சிஸ்டத்துக்கு இந்த டிஸ்க்குதான் ரூட்டு, மரத்துக்கு வேர் மாதிரி. மெமரியில குட்டியா ஒரு சிஸ்டம் வச்சு, ரூட்டை அங்க மாத்திடணும். பழசக் கழட்டிப் புதுச மாட்டி, மறுபடி ரூட்டை அதுக்கு மாத்தணும்."

தனசேகரன் ஆழ்ந்து யோசித்தார். "அப்போ நடுவுல மெமரிதான் பொறுப்பு அதிகாரி. கொள்கை முடிவு எதுவும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிடும்மா."

ரூட் மெமரிக்கு மாறியது. பழைய டிஸ்க்கோ கழல மறுத்தது. இரண்டு புரோகிராம்கள் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒன்று, சான்றிதழ் அச்சடிப்பது. மற்றது, வாசல் திரையில் தனசேகரன் பெயரை ஓடவிடுவது.

"ரெண்டையும் நிறுத்தணும் சார்."

"சான்றிதழ நிறுத்திக்க. பேர நிறுத்தாத."

"ஜனங்க க்யூவுல நிக்கறாங்க சார்."

"நிக்கட்டும். சர்வர்தான் நிக்கக் கூடாது."

பிரின்சி அவர் பெயரை மெமரியிலிருந்தே ஓடவிட்டாள். சான்றிதழ் நின்றது. மலையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த சாலம்மாள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா கண்ணு, மெஷினு நின்னுடுச்சா?"

"ஓடிக்கினுதாங்க்கா இருக்கு. சான்றிதழ்தான் வராது."

"நாளைக்கு எம் பொண்ணுக்குக் காலேஜுல கடைசி நாளாச்சே!"

"காலையில வாங்கக்கா, மொத ஆளாத் தரேன்."

சாயங்காலத்துக்குள் ரூட் புது டிஸ்க்குக்கு மாறியது. சர்வர் ஒரு விநாடிகூட அணையவில்லை. பிரின்சிக்குக் கால் தரையில் பாவவில்லை.

காலையில் சான்றிதழ் வரவில்லை, தனசேகரன் விழாவுக்கு அழைத்த மேலதிகாரி வந்தார். விழா முடிந்த பிறகுதான் அச்சு என்றாகிவிட்டது. சர்வருக்கு ரிப்பன் கட்டியிருந்தது. தொடக்கிவைக்க ஒரு பட்டன் வேண்டுமே என்று தனசேகரன் தேடினார். சர்வரில் இருந்தது ஒரே பட்டன்.

"சார், அது அணைக்கற..." என்று பிரின்சி வாயெடுத்தாள். போட்டோகிராபர் "சிரிங்க மேடம்" என்றார். சிரித்தாள்.

மேலதிகாரி அழுத்தினார். உள்ளே ஃபேன் மெல்ல அடங்கியது. வாசல் திரையும் இருண்டது.

"கேட்டீங்களா?" என்றார் அவர். "பழசு இன்னா சத்தம் போட்டிருக்கும்! புதுசு மூச்சே விடல."

பலத்த கரகோஷம். பிரின்சியும் தட்டினாள். க்யூவில் நின்றவர்களும் தட்டினார்கள்.

விருந்தினர் கார் கிளம்பியதும், "சார், திரும்பப் போட்டுடவா?" என்று கேட்டாள்.

தனசேகரன் திடுக்கிட்டார். "அணையவே அணையாத சர்வரம்மா அது. அணையாதத எப்படிப் போடறது? போட்டா அணைஞ்சதா ஆயிடாதா? மேல எழுதிக் கேக்கறேன். அதுவரைக்கும் ஓடிக்கினு இருக்கட்டும்."

சாலம்மாள் கடைசி பஸ்ஸில் வெறுங்கையோடு ஏறினாள். போன காரியம் இன்னா ஆச்சு என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்.

"சான்றிதழ்தான் கெடைக்கல. ஆனா புது மெஷினு தங்கம்டி. சத்தமே போடல!"