மூடிய கதவுக்கு அப்பால் பார்ப்பவர்

மனிதக் கண்ணில் கோளாறுகள் பலவிதம். கிட்டத்தில் இருப்பது தெரியாதவர்கள் ஒரு வகை. தூரத்தில் இருப்பது தெரியாதவர்கள் இன்னொரு வகை. இரண்டும் தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பவர்களும் உண்டு. பாவம், அவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. இந்த மூன்றிலும் சேராத ஓர் இனம் இருக்கிறது. பார்க்காதது மட்டும்தான் அந்த இனத்துக்குப் பளிச்சென்று தெரியும். நாலு சுவருக்குள், மூடிய கதவுக்குப் பின்னால், இரண்டே பேருக்கு நடுவில் நடந்த ஒன்றை, ஊரின் மறுகோடியில் டீயை ஆற்றிக்கொண்டே விவரிப்பார்கள். யார் கையை ஓங்கியது, அது வலக்கையா இடக்கையா, ஓங்கியபோது முகம் எப்படிச் சிவந்தது என்பது வரைக்கும் சொல்வார்கள். சாட்சி வேண்டாம், விசாரணை வேண்டாம், குற்றவாளிக்குக் கூண்டுகூட வேண்டாம். நாக்கு ஒன்று போதும்.

உடனடி நீதிபதி என்று இந்த இனத்துக்குப் பெயர் வைப்போம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இல்லை என்கிறீர்களா? நல்லது, அந்த விஷயத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

நாம் பார்க்கப்போகும் நீதிபதி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊர் அவரைக் கேலியாக ‘ஜட்ஜய்யா’ என்று கூப்பிட்டது; அவர் அதைப் பட்டமாக வாங்கி வைத்துக்கொண்டார். தொழிலில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. கடையின் பின்னறையில் நாற்காலியில் உட்கார வைத்து, கனமான இரும்புச் சட்டத்தை மூக்கின்மேல் ஏற்றி, அதில் ஒரு லென்ஸைச் செருகி, உருவி, அடுத்ததைச் செருகி, “இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா? அவசரப்படாதீங்க. ஒரு தடவை கண்ணை மூடித் திறந்துட்டுச் சொல்லுங்க” என்று கேட்பார். எதிரே இருப்பவர் சலித்துப்போய், ஏதோ ஒன்று போடுங்கள் ஐயா என்றால் விடமாட்டார். தப்பான பவரைக் கொடுத்தால் தலைவலி உங்களுக்கு, பாவம் எனக்கு என்பார். கால் பவர் வித்தியாசத்துக்கு அப்படி மெனக்கெடுவார்.

அதே மனிதர், ஒரு லென்ஸை உருவி அடுத்ததைச் செருகும் இடைவெளிக்குள், ஒரு குடும்பத்தின் வழக்கை முடித்துவிடுவார். எதிர்வீட்டுத் தம்பதி பிரிந்துவிட்டார்களா? தப்பு அவன்மேல். எப்படித் தெரியும்? அவன் முழியே சரியில்லையே. வங்கியில் காசாளரை மாற்றிவிட்டார்களா? கைவைத்திருப்பான். யார் சொன்னது? நெருப்பில்லாமல் புகையுமா? இந்த நெருப்பு-புகை வசனம் இல்லாவிட்டால் இந்த இனமே பட்டினி கிடந்து செத்துப்போகும். ஈர விறகிலும் புகை வரும், கொசு விரட்டினாலும் புகை வரும் என்று யாராவது அவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால், சொன்னவனும் உடந்தை.

ஜட்ஜய்யாவுக்கு இன்னொரு பதவியும் இருந்தது. நகரத்துத் தொழில்முறைக் கால்பந்து அணியின் ரசிகர் மன்றத் தலைவர். அணியின் கோல்கீப்பர் அவருடைய கண்ணின் மணி. அவன் பாய்ந்து பந்தைப் பிடிக்கும் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருந்தார். வந்தவர்களிடமெல்லாம், தங்கமான பையன், அவன் அம்மா வயிற்றில் பிறந்ததற்குப் பதில் நம் வீட்டில் பிறந்திருக்கக் கூடாதா என்று உருகுவார். அவனோடு ஒருநாளும் பேசியதில்லை. அது ஒரு தடையா என்ன?

அந்தத் தங்கத்தின்மேல் ஒருநாள் புகார் வந்தது.

அணியின் பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண். வீரர்களின் கால், முட்டி, தோள் எல்லாம் அவள் பொறுப்பு. அவள் ஒப்புதல் கொடுத்தால்தான் காயம்பட்டவன் மைதானத்தில் இறங்கலாம். கோல்கீப்பரின் தோள் இன்னும் ஆறவில்லை, முக்கியமான ஆட்டத்தில் இறங்கக் கூடாது என்று சிகிச்சை அறையில் அவனிடம் தனியாக அவள் சொன்னாள். அதற்கு அவன் தன்னைப் பிடித்துத் தள்ளினான், தள்ளிய வேகத்தில் மருந்து அலமாரி சரிந்தது என்பது அவள் புகார். ஆத்திரத்தில் அலமாரியைத்தான் குத்தினேன், அவள்மேல் கை படவே இல்லை என்பது அவன் பதில். நிர்வாகம் விசாரணைக் குழு போட்டது. முடிவு வரும்வரை அவன் விளையாட வேண்டாம், அவள் விடுப்பில் இருக்கட்டும் என்றது. அவனுக்கு ஆட்டம்தான் சோறு. அவளுக்கு அந்த அறைதான் சோறு. இரண்டு பேருடைய வாழ்க்கையும் அந்தக் குழுவின் மேசையில் கிடந்தது.

இனி, ஜட்ஜய்யாவின் அதிர்ஷ்டத்தைக் கேளுங்கள். அந்த அறைக்கு வெளியே அப்போது காவலுக்கு நின்றவன் வேறு யாருமில்லை, அவருடைய மனைவியின் கூடப்பிறந்த தம்பி. ஒரே சாட்சி, சொந்த மச்சான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

அன்று சாயங்காலமே மச்சானை வீட்டுக்கு வரவழைத்தார். மனைவி தட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

“மாப்ள, நீ அங்கதான நின்ன?”

“நின்னேன் மாமா. ஆனா கதவு மூடியிருந்துச்சு. நான் எதையும் பாக்கல. அலமாரி விழுந்த சத்தம் கேட்டுச்சு. அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை காதுல விழுந்துச்சு.”

“என்ன வார்த்தை?”

“அத விசாரணைலதான் சொல்லணும்னு சொல்லியிருக்காங்க மாமா. அதுவரைக்கும் யாருகிட்டயும் வாயத் திறக்கக் கூடாதாம். உங்ககிட்ட இவ்வளவு சொன்னதே தப்பு.”

ஜட்ஜய்யா கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். அவர் கண்களை மூடிக்கொண்டார். மூடிய கண்களுக்குள் அந்த அறை, அந்தப் பெண், நேற்றுவரை தங்கமாயிருந்த அந்தக் கொடியவன், எல்லாம் விளக்குப் போட்டாற்போல் தெரிந்தன.

“போதும் மாப்ள. மிச்சம் எனக்குப் புரிஞ்சிருச்சு.”

மனைவி கரண்டியோடு நின்றாள். “அவந்தான் பாக்கவே இல்லைங்கறான். உங்களுக்கு என்ன புரிஞ்சிருச்சு?”

“பாக்கலன்னு சொல்றான் பாரு, அதுலதான்டி எல்லாம் இருக்கு.”

மறுநாள் காலை கடை திறந்தது. முதல் லென்ஸுக்கு, கதவு மூடியிருந்தது என்று ஆரம்பித்தார். அதில் அவ்வளவு சுவை இல்லை என்று அவருக்கே பட்டது. அடுத்தவருக்கு, அவன்தான் கதவை மூடினான் என்றார். மத்தியானம் படிக்கும் கண்ணாடி வாங்க வந்த தையற்காரருக்குத் தாழ்ப்பாள் போட்டே விட்டார். கடை சாத்தும் நேரத்துக்குள், கோல்கீப்பர் கதவைப் பூட்டிச் சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கூப்பிடு பார்க்கலாம் யாரை வேண்டுமானாலும் என்று சிரித்தும் ஆகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு முத்திரை விழுந்தது: சும்மா சொல்லலை, வாசலிலேயே நின்றவன் என் மச்சான். மச்சான் வாயிலிருந்து வந்ததோ ஒரு பிடி மண். அதை வைத்து மாமா மாளிகை கட்டி, மாடிக்கும் படி வைத்துவிட்டார்.

இந்த இனம் பொய் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அதுதான் இதில் பயங்கரம். சொல்லச் சொல்ல அது அவர்களுக்கு உண்மையாகிவிடுகிறது. சாவியைப் பற்றிச் சொன்னபோது ஜட்ஜய்யாவின் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. தையற்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புதுக் கண்ணாடியாக இருந்தும் பார்வை மங்கிவிட்டது என்றார்.

ரசிகர் மன்றம் அவசரமாகக் கூடியது. அவனை அணியிலிருந்து மட்டுமல்ல, விளையாட்டை விட்டே விரட்ட வேண்டும், இனி எந்த ஊர் அணியும் அவனைச் சேர்க்கக் கூடாது என்று தலைவர் தீர்மானம் கொண்டுவந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மட்டும் தயங்கித் தயங்கி எழுந்து, விசாரணை முடியட்டுமே, அவன் செய்திருந்தால் நானே முன்னால் நின்று விரட்டுகிறேன் என்றார். ஜட்ஜய்யா அவரை மேலும் கீழும் பார்த்தார். “உங்க வீட்ல பொம்பளைங்க யாரும் இல்லையா?” என்று கேட்டார். அவ்வளவுதான். தபால்காரர் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் பக்கத்து நாற்காலியில் உட்காரவும் ஆளில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கடைச் சுவரில் படம் இறங்கியது.

அந்தப் பெண்ணுக்கு இப்போது எப்படி இருக்கிறது, அவள் என்ன கேட்கிறாள் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் விசாரிக்கவில்லை. கோபப்படுவதற்கு அவள் தேவைப்பட்டாள். அதோடு அவள் வேலை முடிந்தது.

விசாரணைக்கு முந்தின நாள், கடையில் கூட்டமில்லாத நேரத்தில், ஒரு பெண் வந்து கண் பரிசோதிக்க வேண்டும் என்றாள். ஜட்ஜய்யா உட்கார வைத்து இரும்புச் சட்டத்தை மாட்டினார். முதல் லென்ஸ் ஏறியதும் வழக்கமும் ஆரம்பமாயிற்று. கதவு, தாழ்ப்பாள், சாவி, சிரிப்பு. இப்போது புதிதாக ஓர் அலறலும் சேர்ந்திருந்தது. அவள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாகச் சொன்னாள்.

“அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாதுங்க.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான் அந்த ரூம்லதான் வேலை பாக்கறேன்.”

லென்ஸ் ஜட்ஜய்யாவின் விரலிலேயே நின்றது. அவள் சட்டத்தைத் தானே கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நீங்க சொல்றத உங்க வாயாலயே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். நான் அலறவே இல்லைங்க. அவரு சிரிக்கவும் இல்ல. நடந்தத நடந்தபடி எழுதிக் குடுத்திருக்கேன். அதுல இல்லாததெல்லாம் ஊர் பூரா சுத்துது. நாளைக்கு அங்க போயி தாழ்ப்பாள் இல்லைன்னு நான்தான் சொல்லணும். சொன்னா, அப்ப மிச்சம் மட்டும் எப்படி நிஜம்னு கேப்பாங்க. எனக்கு நல்லது பண்றதா நினைச்சுதான பேசினீங்க?”

குரல் உயரவில்லை. கண்ணில் நீர் இல்லை. எழுந்து, நாற்காலியை இருந்த இடத்தில் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

வேறு மனிதராக இருந்தால் என்ன செய்திருப்பார்? அன்றைக்குக் கடையை அடைத்திருப்பார். தையற்காரர் வீட்டுக்கு ஓடி, நான் சொன்னதில் பாதி என் கற்பனை என்று ஒத்துக்கொண்டிருப்பார். குறைந்தபட்சம் வாயையாவது மூடியிருப்பார். ஜட்ஜய்யாவுக்கும் உள்ளே ஏதோ இடிந்து விழுகிற மாதிரி இருந்தது. ஆனால் இடிந்தது அவர் இல்லை, தீர்ப்பு. இந்த இனம் ஒருபோதும் தோற்பதில்லை. கட்சி மாறும்.

அடுத்து வந்தவருக்கு லென்ஸ் ஏறியது. “விஷயம் தெரியுமா? அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லையாம். அந்தப் பொண்ணே எங்கிட்ட நேர்ல வந்து ஒத்துக்கிச்சு. அலறவும் இல்லையாம். பாவம் அந்தப் பையன். எனக்கு அப்பவே தெரியும், இது ஜோடிச்ச புகார்னு.”

சாயங்காலத்துக்குள் சுவரில் படம் மறுபடி ஏறியது. விரட்டப்பட வேண்டியவள் இப்போது அவள்.

விசாரணை நடந்தது. மச்சான் போய் நின்றான். தன் காதில் விழுந்த அந்த ஒரே வார்த்தையைச் சொன்னான். கோல்கீப்பரின் வக்கீல் எழுந்தார். தாழ்ப்பாள் போட்டதாக ஊரில் நீ சொன்னாயா? இல்லை. சாவியைப் பையில் போட்டதாக? இல்லை. அப்படியென்றால் உன் பெயரில் அதையெல்லாம் யார் சொன்னது? அவன் தலைகுனிந்தான். மாமா பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. விசாரணை முடியும்வரை பேசக் கூடாது என்றோமே, வீட்டில் பேசினாயா இல்லையா என்று குழுவே கேட்டது. பேசியது உண்மை. இந்தச் சாட்சியை எந்தப் பக்கத்துக்கும் எடுத்துக்கொள்ள முடியாது என்று குழு தள்ளிவிட்டது. குற்றம் நடந்ததென்றோ நடக்கவில்லை என்றோ முடிவு செய்ய இயலவில்லை என்று கதவைச் சாத்தியது.

குற்றவாளி என்று யாரும் சொல்லவில்லை. கோல்கீப்பரின் ஒப்பந்தம் மட்டும் புதுப்பிக்கப்படவில்லை. வேறு அணிகளும் அவனைக் கூப்பிடவில்லை. பொய் சொன்னாள் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணை மட்டும் வீரர்களே இல்லாத ஓர் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். இரண்டு பேரில் ஒருவர் உண்மை சொன்னவர். யாராக இருந்தாலும், அவருக்குக் கிடைத்தது இதுதான். மச்சானை வண்டி நிறுத்துமிடத்தின் காவலுக்குத் தள்ளினார்கள். அவன் அக்கா வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டான்.

ஒருநாள் சோறு போட்டுவிட்டு மனைவி எதிரே உட்கார்ந்தாள்.

“என் தம்பி அந்த ஒரு வார்த்தையப் பத்திரமா வச்சிருந்தான். அக்காகிட்டகூடச் சொல்லல. நீங்க அது மேல நூறு வார்த்தையக் கொட்டி மூடிட்டீங்க. இனிமே அத யாரு தோண்டி எடுப்பா?”

ஜட்ஜய்யாவின் கண் கலங்கியது. நடிப்பில்லை, உண்மையாகவே கலங்கியது. பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. எழுந்து கைகழுவினார். மறுநாள் கடையில் ஒருவர் வந்து உட்கார்ந்து, ஓட்டப்பந்தய வீராங்கனை ஒருத்தி ஊக்கமருந்து ஊசி போட்டுக்கொண்டு ஓடியதாகப் புகாராமே என்றார். ஜட்ஜய்யா லென்ஸைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு செருகினார். “போட்டிருப்பா. அந்த ஓட்டம் மனுஷ ஓட்டமா?”

சரி, அவரை விடுங்கள். அன்று அந்த அறைக்குள் நடந்தது உள்ளே இருந்த இருவருக்கு மட்டும்தான் தெரியும். மச்சானின் காதில் விழுந்த வார்த்தை என்ன என்று இங்கே எந்த வரியிலும் சொல்லவில்லை. வேண்டுமானால் திருப்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். அதைச் சொன்னது ஆணா பெண்ணா என்றுகூட இல்லை.

ஆனால் உங்களுக்கு அது கேட்டுவிட்டது, இல்லையா? யார் சொன்னது, எந்தக் குரலில் சொன்னது என்பதும் தெரிந்துவிட்டது. கோல்கீப்பரா, அந்தப் பெண்ணா என்று எப்போதோ ஒரு பக்கம் சாய்ந்தும் ஆகிவிட்டது. கண்ணாடிக் கடைப் பக்கம் போனால் ஒரு நடை உள்ளே போய்விட்டு வாருங்கள். உங்கள் கண்ணைச் சோதித்துப் பார்த்துவிட்டு ஜட்ஜய்யா சந்தோஷப்படுவார். மூடிய கதவுக்கு அப்பால் இவ்வளவு தெளிவாகத் தெரிகிற கண்ணுக்குப் போட அவரிடம் கண்ணாடி எதுவும் இல்லை. அவரே அது இல்லாமல்தான் காலம் தள்ளுகிறார்.