பெரிய மெஷின் இனி வேண்டாம், மருமகனே

பசுந்தாங், ரங்கூன்
புதன்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின்

அன்பு நிறைந்த, அறிவு மட்டும் கொஞ்சம் நிறைய வேண்டிய மருமகன் நியாஸுக்கு, உன்னைப் பெற்றவளோடு கூடப்பிறந்த மாமா இப்ராஹிம் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் மாமி பல்கீஸும் எங்கள் நான்கு முழங்கால்களும் இந்த வயதுக்கு இருக்க வேண்டிய அளவு நலமாக இருக்கிறோம். கோலாலம்பூரில் நீயும், உன் வேலையும், நீயே சமைத்துச் சாப்பிடுவதாகச் சொல்லும் அந்தச் சோறும் நலமாக இருக்க துஆ செய்கிறோம். போனில் பேசினால் பாதிப் பேச்சு வருவதற்குள் லைன் போய்விடுகிறது. ஆகவே, நாளை மறுநாள் அங்கே வருகிற நம் பழைய கடைக் கணக்கர் தேவராஜ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவருக்கு ஒரு வேளை சாப்பாடு போடு. மனிதர் விமானத்தில் கொடுப்பதை நம்பிச் சாப்பிடாதவர்.

நிற்க. நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். நீ மலேசியாவுக்குப் புறப்படும்போது டிவியோடு பூட்டி வீடியோ கேம் ஆடுகிற உன் பெரிய மெஷினை என் வீட்டில் விட்டுப் போனாய். பிறகு, மாமா பொழுது போகாமல் இருக்கிறாரே என்று, கையிலும் பிடிக்கலாம், டிவி பக்கத்தில் தொட்டில் மாதிரி ஒரு ஸ்டாண்டில் உட்கார வைத்துப் பெரிதாகவும் பார்க்கலாம் என்கிற அந்தச் சின்ன மெஷினை அனுப்பி வைத்தாய். அனுப்பியவன் சும்மா இருந்தாயா? "மாமா, இது ரயில்ல பொழுதுபோக்குறதுக்கு சரி. ஒரு மனுஷனுக்கு வேற எதுவும் இல்லாம இதுவே முதல் மெஷினா ஆகவே ஆகாது. கொஞ்ச நாள் ஆடிப் பாருங்க, ஆகும்னு நீங்க எழுத்துல கொடுத்தா, பெரிய மெஷின நசீர் மாமாவுக்குக் கொடுத்துர்றேன்" என்று சவால் விட்டாய். உன் மாமியின் தங்கை புருஷன் நசீர், அதாவது என் சகலை, அந்தப் பெரிய மெஷின் மேல் எத்தனை நாளாகக் கண் வைத்திருக்கிறான் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தின்கன்ஜூனில் அவன் தெருவுக்கே தெரியும். கடையை ஒரேயடியாக மூடிய பிறகு எனக்கென்று மிச்சம் இருப்பது இந்தக் கால்பந்து ஆட்டம் ஒன்றுதான். நீ போன பிறகு டிவி முன்னால் உன் நாற்காலி காலியாகக் கிடந்ததைப் பார்த்து நான் அழாமல் இருந்ததே இந்த ஆட்டத்தால்தான், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அதனால் யோசிக்காமல் பதில் சொல்லக் கூடாது என்று நன்றாக ஆடிப் பார்த்தே எழுதுகிறேன். ஆகும். ஆகிவிட்டது. எழுத்தில் கொடுத்துவிட்டேன், கீழே கையெழுத்தும் போடுகிறேன்.

உனக்கு ஆதாரம் வேண்டும், நீ அப்படித்தான். முதல் ஆதாரம் கரண்ட். நீ இருந்த காலத்தில் போனால் வரும் என்றாவது இருந்தது. இப்போது வந்தால் போகும் என்பது மட்டும்தான் நிச்சயம். "மீ லா பீ!" என்று தெருவே பர்மியில் கூவும், கரண்ட் வந்த சந்தோஷத்தில். அந்தக் கூவல் அடங்குவதற்குள் உன் மாமி தண்ணி மோட்டாரைப் போடுவாள், ரைஸ் குக்கரைப் போடுவாள், இஸ்திரிப் பெட்டியைப் போடுவாள், எல்லா பிளக்கும் அவள் ராஜ்ஜியம். நான் பெரிய மெஷினின் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு பிச்சைக்காரனைப் போல நிற்பேன். "ஏங்க, குளிக்கத் தண்ணி வேணுமா, கோல் வேணுமா?" என்பாள். கடைசியில் ஒரு பிளக் கிடைத்து, மெஷின் முழித்து, அது கேட்கிற அப்டேட்டுக்கெல்லாம் சரி சொல்லி, ஆளெல்லாம் மைதானத்துக்கு வந்து நிற்கும்போது கரண்ட் போய்விடும். சின்ன மெஷின் அப்படியா? மோட்டார் ஓடுகிற நேரத்தில் மூலையில் சத்தமில்லாமல் சார்ஜ் குடித்துவிட்டு, தெருவே இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது என் மடியில் வெளிச்சமாக இருக்கிறது.

இரண்டாவது, போன மாசம் எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது. சின்ன மெஷினுக்கும் உயிர் போகிற நிலைமை. கீழே டீக்கடையில் ஜெனரேட்டர் இருக்கிறது, ஆனால் நாலு மாடி இறங்கி ஏற என் முழங்கால் சம்மதிக்க வேண்டுமே. நம் பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் தொங்குகிற கயிறு உனக்கு ஞாபகம் இருக்கும், மேலே மணியும் கீழ் நுனியில் கிளிப்பும் மாட்டி, பேப்பரும் காலை நாஷ்டாவும் ஏற்றுவோமே, அதில்தான் மெஷினையும் பையில் போட்டுக் கட்டி இறக்கினேன். டீக்கடைக்காரர் வாங்கி சார்ஜில் போட்டார். ஆனதும் கயிற்றை ஆட்டி மணி அடித்தார், நானும் பிஸ்மி சொல்லி இழுத்தேன். வந்தது மொஹிங்கா! சூடாக, மீன் குழம்பில் நூடுல்ஸ் மிதக்க, வறுத்த கடலைத் தூள் தனிப் பொட்டலத்தில்! மூணாவது மாடி டோ சான் யீ, அதான் அந்த ரிட்டையர் டீச்சரம்மா, அவங்க கயிறும் நம்ம கயிறும் பக்கத்துல பக்கத்துல தொங்குறதுனால வந்த வினை. நான் மொஹிங்காவைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு மாடி இறங்கி ஓடினேன், முழங்கால் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அந்தம்மா வாசலில் மெஷினை வைத்துக்கொண்டு நின்று பர்மியில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: "இப்ராஹிம் ஐயா, என் நாஷ்டாவுல பட்டன் இருக்கேன்னு அமுக்கிப் பாத்தேன், மைதானத்துல எல்லாரும் கட்டிப்புடிச்சுக்கிறாங்க, நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனா?" கோல் போட்டிருந்தார்! நான் முந்தின நாள் பூராவும் முட்டி மோதித் தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தில்! நான் கேட்கிறேன் நியாஸ், உன் பெரிய மெஷின் கயிற்றில் இறங்கி, சார்ஜ் ஏறி, போகிற வழியில் அடுத்த வீட்டில் ஒரு கோலும் போட்டுவிட்டு வருமா?

மூன்றாவதைச் சொல்லக் கூடாது என்று உன் மாமி சத்தியம் வாங்கவில்லை, அதனால் சொல்கிறேன். இன்சீனில் இருக்கும் ரத்தினம்மாள், நம் கடைக்கு மாலை கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று உன் மாமி நெய்ச்சோறும் கோழியும் டிபன் கேரியரில் வைத்து என்னை வட்ட ரயிலில் ஏற்றினாள். மடியில் கேரியர், கையில் மெஷின், ஜன்னலில் காற்று. அரையிறுதி ஆட்டம். ரயில் நிற்கிறது, யாரோ ஏறுகிறார்கள், கீரைக் கட்டு விற்கிறார்கள், ரயில் போகிறது, நான் அடிக்கிறேன், அவன் தடுக்கிறான், தோற்றால் மறுபடி முதலிலிருந்து. ஜெயித்துவிட்டுத் தலையைத் தூக்கினால் ரொம்பத் தெரிந்த ஸ்டேஷனாக இருக்கிறதே என்று பார்த்தேன். பசுந்தாங்! இன்சீனைத் தாண்டி ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி ஏறின இடத்துலயே வந்து நிக்கிறேன், மடியில சோறு அப்படியே இருக்கு. சும்மா திரும்ப வெட்கம், இன்னொரு சுற்றுக்குத் துணிவும் இல்லை. வீட்டுக்கு வந்தேன். "ரத்தினம்மாள் எப்படி இருக்காங்க?" என்றாள் உன் மாமி. "நான் இன்னும் வழியிலதான் இருக்கேன்" என்றேன். மறுநாள் அவளே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அது கிடக்கட்டும். ஒரு மனுஷனை அவன் இறங்க வேண்டிய ஊரையே மறக்கடிக்கிற மெஷினை ரயில் பொம்மை என்றா சொல்வாய்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், நிமிர்ந்து உட்கார்ந்து படி. போன ஞாயிற்றுக்கிழமை நசீர் சாப்பிட வந்தான். வந்தவன் கை கழுவுவதற்கு முன்னாலேயே பெரிய மெஷினைத் தடவிப் பார்த்து, "சகலை, இதுதாங்க மெஷினு. அது கிலுகிலுப்பை" என்றான். விருந்தாளியாயிற்றே, கை கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். சாப்பிட்டதும் கால்பந்து ஆடினோம், பெரிய மெஷினில்தான், அவன் ஆசைக்கு. எனக்கு மூன்று கோல் போட்டுவிட்டு, ஒவ்வொரு கோலுக்கும் எழுந்து நின்று தன் மனைவிக்கு போன் பண்ணிச் சொன்னான். லைன் கிடைக்கவில்லை, இருந்தும் சொன்னான். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. டிவி செத்தது, மெஷின் செத்தது, மூன்று கோலும் செத்தது. "ஆட்டம் என்னோடதுதான், ஞாபகம் வெச்சுக்குங்க" என்று செருப்பைத் தேடினான். நான் சின்ன மெஷினைத் தொட்டிலிலிருந்து தூக்கினேன். இரண்டு பக்கமும் இருக்கிற கைப்பிடிகளைக் கழற்றினேன். ஒன்றை அவன் கையில் வைத்தேன். திரையைக் குக்கர் மூடியில் சாய்த்து நிறுத்தினேன். "உக்காருங்க சகலை. இங்க கரண்டுக்கு வேலையே இல்ல."

அவனுடைய வாழைப்பழ விரலுக்குள் அந்தக் கைப்பிடி எங்கே போனது என்றே தெரியவில்லை. படிக்கிற கண்ணாடியைத் தின்கன்ஜூனிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான்! "பந்து எங்க? பந்து எங்க?" என்று திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு கேட்கிறான். "உங்க வலைக்குள்ள" என்றேன். மறுபடி கேட்டான், மறுபடியும் அதே பதில். வாசலில் டோ சான் யீ வந்து நின்று கைதட்டினார், மாடிப்படியில் போனவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன் நியாஸ், என் கடை திறந்த நாளில் கூட நான் அப்படி நெஞ்சை நிமிர்த்தி நின்றதில்லை. திரை சின்னது என்று போகும்போது முனகினான். கண்ணாடி கொண்டு வராதது மெஷின் குற்றமா?

ஜெயித்தவனுக்குத் தாராளம் வேண்டும் இல்லையா? உன் பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. இன்று காலையில் பெரிய மெஷினை ஒயரோடு துடைத்து, டாக்சியில் ஏற்றி, நசீர் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். "தோத்தவருக்கு ஆறுதல் பரிசு" என்று மேலே எழுதியும் ஒட்டினேன். உன் மாமி வேண்டாம் என்றாள், நான் கேட்கவில்லை. வீட்டில் ஒரு மூலை காலியானது, அங்கே அவள் தண்ணீர் டிரம் வைத்துவிட்டாள். இனி எனக்கு ஒரே மெஷின், அதுவே முதல், அதுவே கடைசி.

உன் அம்மாவோடு பேசும்போது என் ஸலாம் சொல். உனக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளையும், நல்ல மனைவியையும், எங்கள் ஊரில் கிடைக்காத கரண்டையும் குறையில்லாமல் தருவானாக.

பெருமை தாங்காத உன் மாமா,
இப்ராஹிம்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை எழுதுகிறேன். தேவராஜ் வாசலில் பெட்டியோடு நிற்கிறார், அவசரம். இந்தக் கடிதம் எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது, நல்ல தமிழ் வரவேண்டுமே என்று அடித்தடித்து எழுதினேன். அந்த நேரத்தில் மெஷின் சும்மா கிடக்கிறதே என்று உன் மாமி எடுத்தாள். எடுத்தவள், நீ எனக்குத் தெரியாமல் அதில் போட்டு வைத்திருந்த விவசாய ஆட்டத்தைத் திறந்துவிட்டாள். இப்போது விடியற்காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டுக் கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். மீன் பிடிக்கிறாள். டோ சான் யீ மேலே வந்து இன்னொரு கைப்பிடியை வாங்கிக்கொண்டார், இருவரும் சேர்ந்து மாடு வாங்கப் போகிறார்களாம். நேற்று எனக்கு மதியச் சோறு சாயந்திரம்தான் வந்தது. ஒரே ஒரு ஆட்டம் ஆடிக்கிறேன், கொடு என்று கேட்டேன். "பூசணி இன்னும் பழுக்கல" என்றாள். நாளைக்காவது கொடு என்றேன். "நாளைக்கி மழைன்னு போட்டிருக்கு, மாட்டுக் கொட்டாய் வேலை கெடக்கு" என்றாள். இது என் முதல் மெஷின், எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன் என்று இந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். கண்ணாடி போட்டு முழுசாகப் படித்தாள். படித்துவிட்டுச் சொல்கிறாள்: "நியாஸ் என்ன கேட்டான்? ஒரு மனுஷனுக்கு இது முதல் மெஷினா ஆகுமான்னு. ஆயிருச்சுல்ல? உங்களுக்கான்னு அவன் கேக்கலையே."

ஆகவே நியாஸ், மேலே எழுதியது எதையும் எண்ணத்தில் வைக்காதே. ஆகாது. ஆகவே ஆகாது. உடனே நசீருக்குச் சொல்லிப் பெரிய மெஷினைத் திருப்பிக் கொடுக்கச் சொல், நான் கேட்டதாக மட்டும் சொல்லாதே. அதுவரைக்கும் நானே தினமும் தின்கன்ஜூன் பஸ் ஏறப் போகிறேன், அவனுடைய படிக்கிற கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, ஒரு ஆட்டம் கேட்பதற்கு.